கட்டிடத்திற்கும் ஒரு பேரேடு

மின்னிலக்க இரட்டை என்னும் சொல் இப்பொழுது செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடுகிறது. பழைய கட்டிடங்களைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி வேறில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். படம் பிடித்துக் கணினியில் போட்டுவிட்டால் இடிகிற சுவர் நின்றுவிடுமா என்று நம்மவர் சிலர் கேலியாகக் கேட்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே உண்மை எங்கே இருக்கிறதென்பதை, நாம் படித்தும் கேட்டும் அறிந்த அளவில், வியாபாரிகளாகிய நமக்கு விளங்கும் முறையில் எழுதிப் பார்க்கிறோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் எழுப்பிய பள்ளிவாசல்களும் தர்காக்களும் இருநூறு வயதைத் தொட்டும் தாண்டியும் நிற்கின்றன. ஆகையால் இது நமக்கு வேடிக்கைச் செய்தியன்று.

கடையில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. வருஷக் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு சரக்கை எண்ணி எழுதுகிறோமே, அந்த இருப்புக் கணக்கு ஒன்று. அன்றிரவு எத்தனை மூட்டை மல்லி, எத்தனை டின் எண்ணெய் என்பதை அது சரியாகச் சொல்லும். மறுநாள் காலை முதல் வியாபாரம் ஆனதுமே அது பழங்கணக்கு. மற்றொன்று அன்றாடம் பதிகிற பேரேடு. அதைத் திறந்தால் வெளியூரில் இருந்தபடியே கடையின் நிலையைச் சொல்லலாம். சரக்குக் குறைந்தால் ஏட்டில் குறைய வேண்டும். ஏட்டில் ஐயம் வந்தால் எழுந்துபோய்ச் சரக்கைப் பார்க்க வேண்டும். கடைக்கும் ஏட்டுக்கும் இந்தப் போக்குவரத்து ஓயாமல் நடக்கும் வரைதான் அது கணக்கு.

ஒரு கட்டிடத்தை ஒருமுறை அளந்து கணினியில் அதன் உருவத்தை வைத்துக்கொள்வது இருப்புக் கணக்கு எடுப்பது போன்றது. அந்த உருவத்திற்குக் கட்டிடத்திலிருந்தே நாள்தோறும் செய்தி வந்துகொண்டிருந்தால், அதாவது இந்தச் சுவரில் ஈரம் இவ்வளவு, இந்த விரிசல் இவ்வளவு அகன்றது, இந்தக் கூரைக்கடியில் வெப்பம் இவ்வளவு என்று கருவிகள் பதிந்துகொண்டேயிருந்தால், அப்பொழுதுதான் அது இரட்டை. நமது பாஷையில் பேரேடு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரைச் சூட்டிக்கொள்வோரே அதிகம். பழுத்த எண்ணெய் வியாபாரி டின்னின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்ப்பதில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்ப்பான். நாமும் அப்படியே பார்க்க வேண்டும்.

எழுதி வைப்பதன் அருமையை நம் மார்க்கம் முன்பே நமக்குச் சொல்லியிருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணைக் கடனை எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும், சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்படையாதிருக்கவும் ஏவுகிற வசனம் அது. கடனுக்குச் சொன்னதைக் கட்டிடத்திற்கு நாம் பொருத்திக் காட்டுவது ஒரு வியாபாரியின் எண்ணமே தவிர மார்க்கத் தீர்ப்பு அன்று. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள்.

இரட்டை என்னும் எண்ணம் விண்வெளிப் பயணத்தில் பிறந்தது என்பர். 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்பல்லோ 13 கலத்தில் மூவர் சந்திரனை நோக்கிச் சென்றார்கள். வழியில் பிராணவாயுக் கலம் ஒன்று வெடித்தது. அவர்களுடைய பயிற்சிக்காக அதே அமைப்பில் செய்த மாதிரிக் கலங்கள் பூமியில் இருந்தன. மேலேயிருந்து வந்த செய்திக்குத் தக்கபடி கீழேயுள்ள மாதிரியைத் திருப்பி வைத்து, எது பலிக்கும் எது பலிக்காது என்று சோதித்துப் பார்த்து, வழி சொல்லியனுப்பினார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். இன்று அந்த மாதிரியைத் தகட்டிலும் கம்பியிலும் செய்யாமல் கணினிக்குள் செய்கிறார்கள், வேறுபாடு அவ்வளவே.

இனி, கட்டிடத்தை அளப்பது எங்ஙனம்? மூன்று கால்களின் மேல் நிற்கும் ஒரு கருவி, சுழன்று சுழன்று லேசர் ஒளிக்கதிரை நாற்புறமும் வீசுகிறது. ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகமோ வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். அதன் போக்குவரத்து நேரத்தை அளக்கிற நுட்பத்தை நினைத்தால் தலை சுற்றுகிறது! ஒவ்வொரு கதிரும் ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து, மணலால் செய்த சிற்பம்போல் கட்டிடம் திரையில் எழுந்து நிற்கும். இதற்கு மலிவான வழியும் உண்டு. ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி நூற்றுக்கணக்கான ஒளிப்படங்கள் எடுத்தால், கணினி அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி உருவத்தைக் கட்டிவிடும். ரோமாபுரியில் போப்பாண்டவரின் புனித பேதுரு பேராலயத்தை இப்படித்தான் 4 லட்சத்திற்கு மேற்பட்ட படங்களால் உருவாக்கி 2024 நவம்பரில் அறிவித்தார்கள். மனிதன் ஏறிப் பார்க்க முடியாத உயரத்தில் இருந்த விரிசல்களும் உதிர்ந்த பதிகற்களும் அதில் தெரிந்தனவாம்.

இவையெல்லாம் பயன்பட்டதை மெய்ப்பித்த கதை பாரிஸ் மாநகரத்து நோத்ர-தாம் பேராலயத்தின் கதை. அது கிறிஸ்தவர்களின் ஆலயமாயினும் அதில் நமக்குப் பாடம் இருப்பதால் சற்று விரித்தே சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் வாஸர் கல்லூரியில் கலைச் சரித்திரம் போதித்த ஆண்ட்ரு டாலன் என்னும் பேராசிரியர் 2010-ஆம் ஆண்டில் லேசர் கருவியோடு அவ்வாலயத்திற்குள் சென்றார். ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளைத் திரட்டினார். ஆலயம் தீப்பற்றும் என்று அவர் நினைத்ததில்லை. எண்ணூறு வருஷங்களுக்கு முன் அதைக் கட்டியவர்களின் மனத்தை அறிவதே அவருடைய ஆசை. மேற்குப் பக்கத்துத் தூண்கள் வரிசை பிசகியிருப்பதையும், மேற்சுவர்கள் மட்டும் இத்தனை நூற்றாண்டு கழிந்தும் சாயாமல் நேரே நிற்பதையும் அவர் கண்டார். வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் வளைவுகள் ஆதியிலேயே கட்டப்பட்டவை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினார். 2014-இல் இரண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் கூரையின் ஓக் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்தார்கள்.

பேராசிரியர் டாலன் 2018 நவம்பரில் தமது 49-ஆம் வயதில் காலமானார். ஐந்து மாதங்கள் சென்று, 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் மாலை, கூரை தீப்பற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மரங்களெல்லாம் ஒரே இரவில் கரியாயின. கூர்கோபுரம் முறிந்து கூரை வளைவுகளைத் துளைத்துக்கொண்டு விழுந்தது.

அன்றைய நிகழ்ச்சியில் ஒன்று நம் மனத்தைவிட்டு அகலவில்லை. அவ்வாலயத்தில் தீயை உணரும் கருவி இருந்தது. அது ஒலிக்கவும் ஒலித்தது. ஆனால் அது காட்டிய குறியைப் பிழையாக விளங்கிக்கொண்டு, பக்கத்துச் சிறு கட்டிடத்தின் பரணுக்கு ஆளை அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு அங்கே தீ இல்லை என்றார். சரியான இடத்தை அறிந்து ஏறுவதற்குள் சுமார் அரைமணி நேரம் கடந்துவிட்டது. பேரேடு எழுதியிருந்தும், பக்கத்தைப் புரட்டத் தெரிந்தவன் இல்லையென்றால் நேர்வது இதுதான்.

நெருப்புக்குப் பிறகு பழைய அளவுகள் பொன்னாயின. பிரெஞ்சு அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தார் தீக்கு முன்பு எடுத்தவற்றையும் பின்பு எடுத்தவற்றையும் ஒரே உருவத்தில் பொருத்தினார்கள். கீழே விழுந்த கற்களையும் கரிந்த கட்டைகளையும் குப்பையென்று வாரிவிடாமல் எண்ணிட்டுப் படமெடுத்து, எந்தக் கல் எந்த வளைவில் இருந்தது என்று கணினியில் கூட்டிப் பார்த்தார்கள். அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, தச்சர்கள் கைக்கோடரியால் பச்சை ஓக் மரத்தைச் செதுக்கினார்கள். கூரைக்கும் கோபுரத்திற்குமாகச் சுமார் 2,000 மரங்கள். 2024 டிசம்பர் 7-ஆம் நாள் ஆலயம் மறுபடி திறக்கப்பட்டது. கணினி அளவைச் சொல்லிற்று. கோடரியைப் பிடித்தது மனிதன் கை. அந்தக் கைவேலை தெரிந்த தச்சர்கள் பிரான்ஸில் எஞ்சியிராவிட்டால் 100 கோடிப் புள்ளிகள் என்ன செய்திருக்கும்?

நம்மவர் கட்டிடங்களில் இதே போன்ற கதை ஈராக்கிலுள்ள மோஸுலில் நடந்தது. சுல்தான் நூருத்தீன் ஸெங்கி 1172-ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய அந்-நூரி பெரிய பள்ளிவாசலின் மனாரா சாய்ந்து நின்றபடியால், ஊரார் அதை அல்-ஹத்பா, அதாவது கூனி என்று செல்லமாக அழைத்தார்கள். 2017 ஜூன் 21-ஆம் நாள், ரமலான் மாதத்தில், அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். யுனெஸ்கோவும் ஐக்கிய அரபு அமீரகமும் ஈராக்கியரோடு சேர்ந்து மறுபடி கட்டின. இடிபாட்டிலிருந்து பழைய செங்கற்களைப் பொறுக்கியெடுத்தும், முன்னைய ஆய்வுகளையும் பழைய படங்களையும் ஒப்பிட்டும் கட்டி, 2025 செப்டம்பரில் திறந்தார்கள். நிமிர்த்திக் கட்டியிருக்கலாம். அவர்களோ அதன் சாய்வோடே கட்டினார்கள். நேர்மையான கணக்கப்பிள்ளை நஷ்டத்தையும் நஷ்டமாகவே எழுதுகிறான் அல்லவா!

இங்கேதான் இந்த வித்தையால் தீர்க்க முடியாத ஒரு கேள்வி எழுகிறது. எந்தக் காலத்து உருவத்தைக் காப்பது? நோத்ர-தாமின் கூர்கோபுரம் ஆதிக் கோபுரமன்று. வியோலே-லெ-டுக் என்பவர் 1859-இல் வைத்தது. புதுமாதிரியாக வைப்பதா, இருந்ததுபோல் வைப்பதா என்று ஒரு வருஷத்திற்கு மேல் வாதம் செய்து, 2020-இல்தான் பழையபடியே என்று முடிவு செய்தார்கள். பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். மர்ஹூம் காதிர் முகைதீன் மரைக்காயர் காலத்தில் 1801-இல் தோன்றிய அப்பள்ளி, இன்று நாம் காணும் குவிமாடங்களோடு தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிதாக்கித் திருத்திய உருவமே இப்பொழுது நம் கண்முன் நிற்பது. இதில் எது அசல், எது சேர்க்கை என்று லேசர் சொல்லாது. ஜமாஅத்தின் பழைய தஸ்தாவேஜுகளும் பெரியவர்களின் நினைவுமே சொல்லும். ஆகவே இரட்டையைச் செய்கிறவர்கள் சுவரை மட்டும் அளந்துவிட்டுப் போகக்கூடாது. பழைய வரைபடம், ரசீது, கொத்தனார் கணக்கு, கல்யாணப் படத்தின் பின்னால் தெரியும் மிஹ்ராப், இவையெல்லாம் அந்த ஏட்டில் ஏற வேண்டும்.

நம் முன்னோர் இரட்டை செய்வதில் நமக்கு முந்தியவர்கள் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவும், சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்காவும் யாருடைய பிரதிகள்? சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரத்தில் வந்தவர்கள், ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நாகூர் அடக்கத்தலத்தை நெஞ்சில் சுமந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அதன் சாயலை எழுப்பினார்கள். சிங்கப்பூர்த் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது. அளவுகோல் இல்லை, வரைபடம் இல்லை. கீழே வெள்ளைக்காரர் பாணித் தூண்கள், மேலே அடுக்கடுக்காக நம் ஊர் மனாரா. தர்காவைப் பற்றி நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதை அறிவோம். இங்கே பேசுவது கட்டிடத்தைப் பற்றி. அந்தச் சிங்கப்பூர்த் தர்கா 1974-இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அப்படியிருந்தும் 1990-களின் பிற்பகுதியில் பழுது முற்றி அதை மூட வேண்டி வந்தது. திருத்தியமைத்து 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். பட்டயம் கொடுத்தால் மட்டும் சுவர் ஈரத்தை விட்டுவிடாது என்பது இதனால் விளங்கும்.

ஈரம் என்று சொன்னோம். நம் பழைய கட்டிடங்களுக்கு நெருப்பைவிடப் பெரிய பகை அதுதான். அவை செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து செங்கல் நீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த நீர் ஆவியாகி வெளியேறும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொன்னது இதைத்தான். நாம் கடை வைத்திருக்கும் பழைய கடைவீட்டில் பின்சுவரின் பூச்சு உதிர்ந்தபோது ஒரு காண்டிராக்டரை அழைத்தோம். "பாய், சிமெண்டு போட்டுவிட்டால் ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார். போட்டோம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. வெளியேற வழியற்ற நீர் சிமெண்டுக்குப் பின்னால் ஏறி, இடுப்பளவில் இருந்த ஈரம் தோளளவுக்கு வந்தது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. சுவரோரம் அடுக்கிய மல்லி மூட்டைகள் பூஞ்சைபிடித்துப் போயின. காண்டிராக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை; சுவரில் எவ்வளவு ஈரம், எவ்வளவு உயரம் என்று எழுதி வைத்த கணக்கு நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. எழுதியிருந்தால் முதல் மழையிலேயே தவறு தெரிந்திருக்கும், இரண்டாம் மழைவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் சுவருக்கும் இதே கதி நேராமல் தடுப்பதுதான் இரட்டையின் வேலை. ஈரத்தை உணரும் சிறு கருவியைச் சுவரில் பொருத்தி, அது மாதாமாதம் சொல்லுவதைக் கட்டிடத்தின் உருவத்தில் அந்தந்த இடத்திலேயே பதிந்து வந்தால், எந்த மூலையில் நோய் ஏறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நிற்க. இந்த ஏட்டிற்கும் கரையான் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் அரசன் 1086-இல் நாட்டின் சொத்துகளையெல்லாம் தோல் ஏட்டில் எழுதுவித்தான். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை முன்னிட்டு 1986-இல் பிபிசி நிறுவனத்தார் புதிய கணக்கு ஒன்றெடுத்து லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். பதினாறு ஆண்டுகளுக்குள் அந்தத் தட்டைப் படிக்கும் யந்திரம் கிடைப்பதே அரிதாகி, 2002 அளவில் அதை மீட்கத் தனி முயற்சி செய்யவேண்டியதாயிற்று. தோல் ஏட்டை இன்றும் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் கட்டிடத்தை அளந்து ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போனால் இருபது வருஷத்தில் அந்தப் பெட்டி திறக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வடிவில் மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் வைத்து, முக்கியமான அளவுகளைக் காகிதத்திலும் அச்சிட்டு வைப்பது அவசியம்.

அதைவிட முக்கியமானது அந்த ஏடு யாருடையது என்பது. வெளியார் வந்து இலவசமாக அளந்து தருகிறோம் என்றால், நம்மவர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அளந்தபின் அந்த உருவம் அவர்களிடமா, ஜமாஅத்திடமா? நாளை வேறொருவர் சுவரைத் திருத்த வந்தால் அதைக் கேட்டு வாங்க முடியுமா, பணம் கேட்பார்களா? இதையெல்லாம் அளப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வக்ஃபுக் கட்டிடத்தின் உருவமும் வக்ஃபைச் சேர்ந்ததாகவே நடத்தப்பட வேண்டும் என்பது நமது எண்ணம். சரக்கை ஒருவர் எண்ணிக் கொடுக்கலாம். சாவி அவர் மடியில் இருக்கக்கூடாது.

பெரிய கருவி வாங்கும் வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் நல்ல படக்கருவி இருக்கிறது. சில தொலைபேசிகளில் தூரம் அளக்கும் லேசரே இருக்கிறது. முத்தவல்லியிடம் உத்தரவு பெற்று, தொழுகை இல்லாத நேரத்தில், அளவு நாடாவை ஓரத்தில் தெரியும்படி வைத்து, மூலைக்கு மூலை படமெடுக்கட்டும். வருஷத்திற்கு ஒருமுறை அதே இடங்களில் நின்று மறுபடி எடுக்கட்டும். இரண்டு வருஷப் படங்களை அருகருகே வைத்தால் எது மாறியது என்று குழந்தைகூடச் சொல்லும்.

விரிசலுக்குப் பழைய எஞ்சினீயர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சாந்தால் ஒட்டி, தேதியை எழுதிவிடுவார்கள். சுவர் சற்று அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாதவரை விரிசல் பழையதே, வளரவில்லை என்று பொருள். மின்சாரமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். நமது கடையின் பின்சுவரில் சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசியபின், மேல் மூலையிலிருந்த விரிசலுக்கு அப்படியொரு துண்டு ஒட்டி, தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்துமுன் விளக்கடித்துப் பார்த்து, பற்று வரவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுகிறோம். இதை எழுதும் வாரம் வரை கண்ணாடி உடையவில்லை.